வெளிநாட்டுச் சேதனப் பண்ணையில் தொண்டராகப் பணியாற்ற ஆலோசனை தேவை

குழும உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டத்தின் தம்பலகாமத்தில் நெற்செய்கையை நம்பி வாழும் குடும்பத்தைச் சேர்ந்த, விவசாயம் பயிலும் மாணவி நான்.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோது, பெரும்போகத்துக்கு எங்கள் வயலில் இட்டிருந்த கூட்டெரு போதாமல் பயிர் மஞ்சளித்து நின்றதைக் கண்ட அப்பா இன்றுவரை 'சேதனம்' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார். தவறு சேதன முறையில் இல்லை, மண்ணைப் படிப்படியாகப் பழக்காத அவசரத்தில்தான் இருந்தது என்பது என் எண்ணம். அதைச் செய்து பார்த்தவர்களிடமே கற்க விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் 1971 இல் தொடங்கிய, தொண்டர்களைச் சேதனப் பண்ணைகளுடன் இணைக்கும் வூஃப் (WWOOF) அமைப்பின் வழியாக, நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணிநேரம் வரை உழைத்து உணவும் தங்குமிடமும் பெறலாம். ஆனால் சம்பளமில்லாத இவ்வுழைப்பையும் பல நாடுகள் வேலையாகவே கருதுவதால், சுற்றுலா வீசாவில் செல்ல எனக்குத் துணிவில்லை. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லின் சமூகப் பண்ணைகளையும் யோசிக்கிறேன். மொழி, காலநிலை, செலவு மூன்றும் அங்கு எனக்கு இசைவானவை (அம்மாவின் சம்மதமும் அங்கேதான் எளிதாகக் கிடைக்கும்).

இலங்கைக் கடவுச்சீட்டுடன் இவ்வாறு சென்று வந்தவர்கள், எந்த வகை வீசாவுக்கு விண்ணப்பித்தீர்கள், பண்ணையிடமிருந்து என்ன கடிதம் பெற்றீர்கள், மருத்துவக் காப்புறுதியை எங்கு எடுத்தீர்கள் என்பவற்றைத் தயவுசெய்து தெரிவியுங்கள். தனியாகச் சென்ற பெண்களின் அனுபவத்தை அறிய முடிந்தால் பேருதவியாக இருக்கும். சிறுபோக அறுவடை முடிந்ததும் புறப்பட எண்ணியுள்ளேன்.