மறு: ‘வேக்ஸ்டு காட்டன்’ – பூச்சா, ஏற்றமா?

> பார்பர் (Barbour என்ற இங்கிலாந்து நிறுவனம்) ஜாக்கெட் கட்டுரையில் ‘வேக்ஸ்டு காட்டன்’ துணியை ‘மெழுகு பூசிய பருத்தி’ என்று போட்டுவிடலாமா?

ஐயா, ‘பூசிய’ வேண்டாம். ரெயின்கோட்டில் பிவிசி துணியின் மேல் படலமாக நிற்கிறது. அது பூச்சு, பழசானால் உரியும். பார்பர் துணியில் மெழுகு நூலுக்குள் ஊறியிருக்கிறது. உரியாது, முழங்கை, பை ஓரம், தையல் என்று உரசும் இடங்கள் வெளிறும், அங்கேதான் தண்ணீர் இறங்கும். 1894இல் இங்கிலாந்தின் துறைமுக ஊரான சவுத் ஷீல்ட்ஸில் ஜான் பார்பர் கடை தொடங்கிய காலத்தில் மாலுமிகள் போட்டது ஆளிவிதை எண்ணெய் ஏற்றிய துணி. அது நாள்பட மஞ்சளாகும், குளிரில் விறைத்து வெடிக்கும். பாரஃபின் மெழுகு வந்தது அதற்கு மாற்றாகத்தான்.

சாயமேற்றுகிறோம், மெருகேற்றுகிறோம். அதே வழியில் ‘மெழுகேற்றிய பருத்தி’.

> ‘மெழுகுதுணி’ இன்னும் சுருக்கமாயிற்றே?

ஒற்று விழாவிட்டால் வினைத்தொகை. வீடு மெழுகுகிற கந்தல் என்று பொருளாகிவிடும்!

> சரி, ‘ரீவேக்ஸிங்’?

‘மறுமெழுகேற்றம்’. செய்முறைப் பகுதியிலும் ‘தடவுதல்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், பாதி வேலைதான் அது. முதலில் குளிர்ந்த நீரில் நனைத்த ஸ்பாஞ்சால் அழுக்கைத் துடைத்துக் காயவிட வேண்டும். சோப்பு, வெந்நீர், வாஷிங்மெஷின் மூன்றும் கூடாது. மெழுகு போய்விடும், பிறகு சரியாகப் பிடிக்காது. மெழுகு டின்னை மூடி திறந்து வெந்நீரில் நிறுத்தினால் உருகும். சிறிது சிறிதாகத் தொட்டு, தையல்களில் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஆறிவிட்டால் திட்டுத்திட்டாக வெள்ளையாய் நிற்கும். அப்போது ஹேர்டிரையர் காட்டினால் உள்ளே இறங்கும். இந்த இறங்குதல்தான் ‘ஏற்றம்’. கார்டுராய் காலர், உள்துணி, பைகளின் உட்புறம் ஆகியவற்றில் மெழுகு படக்கூடாது. இரவு முழுக்க வெதுவெதுப்பான அறையில், மற்ற துணிகளில் படாமல் தொங்கவிட வேண்டும்.

> ‘கேம் பாக்கெட்’டுக்கு ‘விளையாட்டுப் பை’ என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார்.

அங்கே ‘கேம்’ என்றால் வேட்டையில் சுட்டு வீழ்த்திய பறவை. முதுகுப்புறம் கீழே அகலமாக, ஈரம் ஒட்டாத உள்துணியோடு இருப்பது ‘வேட்டைப்பை’. இது 1983இல் வந்த பார்பரின் பியூஃபர்ட் ஜாக்கெட்டில் உண்டு. 1980இல் வந்த பெடேல் ஜாக்கெட் குதிரையேற்றத்துக்கானது. நீளம் குறைவு, பின்னால் இரண்டு திறப்பு, வேட்டைப்பை கிடையாது. கட்டுரையில் இரண்டு படங்களுக்கும் பெயர் மாறிக் கிடக்கிறது, அதையும் திருத்திவிடுங்கள்.