ஞானப்பல் எடுத்தால் நாக்கு மரத்துப்போகுமா? சமைத்துப் பிழைப்பவள் கேட்கிறேன்

செங்காங்_அடுப்படி:

வணக்கம். சிங்கப்பூர் செங்காங்கில் வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுக்கிறேன். வார நாட்களில் 18 மதியச் சாப்பாடு, தீபாவளி வந்தால் முறுக்கும் அதிரசமும். வயது 37.

இடப்பக்கக் கீழ் ஞானப்பல் இந்த வருடத்தில் மூன்றாவது தடவையாக வீங்கிவிட்டது. பாதி வெளியே, பாதி ஈறுக்குள் கிடக்கிற பல். ஒரு சோற்றுப் பருக்கை உள்ளே போய் உட்கார்ந்தால் போதும், இரண்டே நாளில் வாய் திறக்க முடியாது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பார்த்துவிட்டு அறுவை மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்து, வேர் நரம்பை ஒட்டி இருக்கிறது என்றார். கூடவே ஒப்புதல் தாளையும் நீட்டினார். கீழுதடு, முகவாய், நாக்கு மரத்துப்போகலாம், சுவை மாறலாம், அரிதாக நிரந்தரமாகவே அப்படி இருந்துவிடலாம் என்று அதில் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

உதடு மரத்தால்கூடச் சமாளித்துக்கொள்வேன். நாக்கு போனால் பிழைப்பே போச்சு. புளியோதரையில் பெருங்காயம் ஒரு சிட்டிகை கூடினாலும் எனக்குத் தெரியும். வீட்டுக்காரரை ருசி பார்க்கச் சொன்னால் எதைக் கொடுத்தாலும் ‘நல்லாருக்கு’தான். அவரை நம்பிக் கடை நடத்த முடியாது.

யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? மரத்துப்போவது என்றால் வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ளுமா? மாமியார் அப்படித்தான் பயமுறுத்துகிறார். பல்லை எடுக்காமலே ஓட்டிவிடலாமா?

ஈசூன்_பஸ்காரன்:

எனக்கு ஆச்சு தங்கச்சி. நாக்கு இல்லை, உதடு. வலப்பக்கக் கீழ்ப்பல், அப்போது வயது 41. எந்த கிளினிக் என்று கேட்காதீர்கள்.

மதியம் பல்லை எடுத்தார்கள். ராத்திரிக்குள் மருந்து இறங்கிவிடும் என்றார்கள். மறுநாள் காலையிலும் உதட்டின் வலப்பாதி வேறு யாருடையதோ மாதிரிக் கிடந்தது. இரண்டு நாள் கழித்து எங்கள் பிளாக் அடியில் இருக்கிற கோப்பிக்கடையில் கோப்பி ஓ வாங்கி வாயில் வைத்தேன். கோப்பையின் விளிம்பு பாதி உடைந்திருக்கிற மாதிரி இருந்தது. மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். அங்கிள் கோப்பையை விளக்குக்கு நேராகத் தூக்கி, சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கோப்பைக்கு ஒன்றும் இல்லை. உணர்வு இருக்கிற பாதியில்தான் விளிம்பு ‘இருந்தது’, மற்ற பாதியில் இல்லை.

வாய் கோணாது. மாமியாரிடம் சொல்லுங்கள். சிரிக்கலாம், விசிலடிக்கலாம், எல்லாம் பழையபடிதான். தொட்டால் மட்டும் தெரியாது. சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். சாப்பிடும்போது முகவாயில் மீ நூடுல்ஸ் தொங்கும். மகளோடு ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன்: அவள் தன் முகவாயைத் தொட்டால் நான் துடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கல்யாணப் பந்தியில் பாவம், அவள் பத்துத் தடவை தொட்டிருப்பாள்.

என் தப்பு, தானாகச் சரியாகும் என்று மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்தது. அவர்கள் தப்பு, ஒப்புதல் தாளை ஊசி போடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் நீட்டியது. நீங்கள் பேனாவைத் திருப்பிக் கொடுத்தது சரியான வேலை.

பிறகு பார்த்த மருத்துவர் பஞ்சு நுனியால் தொட்டுத் தொட்டு, எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று பேனாவால் என் முகத்திலேயே எல்லை வரைந்து படம் எடுத்தார். மாதம் ஒருமுறை அதேபோல். எல்லை சுருங்கினால் நரம்பு வருகிறது என்று அர்த்தமாம். பி12 மாத்திரையும் கொடுத்தார், அதனால்தான் சரியானதா என்று என்னால் சொல்ல முடியாது. ஆறாவது வாரம் எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்தது. எரிச்சலாக இருந்தாலும் அது நல்ல அறிகுறி என்றார். ஐந்தாவது மாதம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. இப்போது உதட்டுக்குக் கீழே ஒரு இருபது காசு அளவு மட்டும் மந்தம்.

பல்நாற்காலி_பக்கத்தில்:

அக்கா, நான் பல் மருத்துவ உதவியாளர், 11 வருடமாக. மருத்துவர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

நீங்கள் இரண்டு நரம்பை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள், தாளும் அப்படித்தான் எழுதியிருக்கும். பஸ்கார அண்ணனுக்கு அடிபட்டது தாடை எலும்புக்குள் ஒரு குழாய் மாதிரி ஓடுகிற நரம்பு. அது கீழ்ப்பற்களுக்கும், உதட்டுக்கும், முகவாய்க்கும் உணர்வு கொடுப்பது. முகத்தை அசைக்கிற நரம்பு வேறு, அதனால்தான் வாய் கோணவில்லை. உங்கள் மருத்துவர் ‘வேர் ஒட்டி இருக்கிறது’ என்று சொன்னது இந்த எலும்புக்குள் போகிற நரம்பைத்தான். எக்ஸ்ரேயில் குழாயின் வெள்ளைக்கோடு வேரைத் தாண்டும் இடத்தில் அறுந்து தெரிந்தாலோ, வேர் அங்கே கருத்திருந்தாலோ, குழாய் வளைந்து போனாலோ உஷாராகிவிடுவார்கள். அப்போதுதான் முப்பரிமாண ஸ்கேன் கேட்பது. ஸ்கேன் எடுத்ததாலேயே ஆபத்து குறைந்துவிடாது, எப்படி எடுப்பது, எடுக்கத்தான் வேண்டுமா என்று முடிவு செய்ய உதவும்.

நாக்கு நரம்பு எலும்புக்கு வெளியே, பல்லின் உட்புறம், ஈறுக்கு அடியில் போகிறது. இந்தப் படங்களில் அது தெரியாது. சிலருக்கு எலும்பின் மேல்விளிம்பை உரசிக்கொண்டே போகும். அதனால் உட்புற ஈறை விலக்காமல் கன்னப் பக்கத்திலிருந்தே வேலை செய்வதைப் பலர் விரும்புகிறார்கள். உங்கள் மருத்துவர் எப்படிச் செய்வார் என்று கேளுங்கள். அடிபட்டாலும் மரப்பது அந்தப் பக்க நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குதான். மறுபாதியும் பின்பகுதியும் வேலை செய்யும். சமைக்கிறவருக்கு உப்பு தெரியாமல் போவதைவிட, கரண்டியிலிருந்து ரசத்தை நக்கும்போது சூடு தெரியாமல் சுட்டுக்கொள்வதுதான் பெரிய தொல்லை. நாக்கைக் கடித்துக்கொள்வதும்.

எத்தனை பேருக்கு ஆகும் என்றால், தற்காலிக மரப்பு 100 பேரில் சிலருக்கு. நிரந்தரம் 100இல் ஒருவருக்கும் குறைவு. ஆனால் அது எல்லாரையும் சேர்த்த கணக்கு. வேர் நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் உதட்டு நரம்பின் கணக்கு கூடும், வயது ஏற ஏறவும் கூடும். நரம்பு வளர்வது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், அதனால்தான் மாதக் கணக்கு. அறுவைக்கு மறுநாளும் மரப்பு விடவில்லை என்றால் அன்றைக்கே போன் செய்துவிடுங்கள்.

இன்னொன்று கேளுங்கள்: பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை அப்படியே விடும் முறை. வேரை ஆட்டாததால் உதட்டு நரம்பு பெரும்பாலும் தப்பிக்கும். சொத்தை உள்ளே இறங்கிய பல்லுக்கோ, வேரில் சீழ் பிடித்ததற்கோ, ஆடுகிற பல்லுக்கோ செய்ய மாட்டார்கள். விட்ட வேர் பிற்பாடு கொஞ்சம் மேலே நகர்ந்து வரலாம், சிலருக்கு மறுபடி ஒரு அறுவை வேண்டியிருக்கும். அப்போது வேர் நரம்பைவிட்டு விலகியிருக்கும் என்பது ஆறுதல்.

ஈறைக் கிழித்துச் செய்கிற அறுவைக்கு மெடிசேவ் (நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பணம் உண்டு, சும்மா குறடு போட்டுப் பிடுங்கினால் கிடையாது. எவ்வளவு எடுக்கலாம் என்பது அறுவையின் சிக்கலைப் பொறுத்தது. முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தோபாயோ_மாமா:

எனக்கு 68. நாலு ஞானப்பல்லும் இருக்கு. இளஞ்சூட்டில் உப்புத்தண்ணி, ஒரு கிராம்பு, அவ்வளவுதான். இந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் வெட்டு.

பல்நாற்காலி_பக்கத்தில்:

மாமா, உங்களுக்கு நாலும் நேராக முளைத்திருக்கும், கொடுத்துவைத்தவர். தொந்தரவு இல்லாத ஞானப்பல்லைத் தொடாதே என்று பிரிட்டனில் 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் போட்டுவிட்டார்கள், அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. முதல் தடவை வீங்கினால், ரொம்ப மோசமாக இல்லாதவரை அதற்காக எடுக்காதே என்றும் அதிலேயே இருக்கிறது. ஆனால் திரும்பத் திரும்ப வீங்கினால் எடுக்கலாம் என்றும் அதே தாள்தான் சொல்கிறது. அக்காவுக்கு மூன்று தடவை. கிராம்பு வலியை அடக்கும், பல் படுத்திருக்கும் கோணத்தை மாற்றாது.

செங்காங்_அடுப்படி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி போய்வந்தேன். கேள்விகளைக் கடலைமாவு பாக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு போனேன், மருத்துவர் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார்.

ஸ்கேனில் நரம்பு இரண்டு வேருக்கும் நடுவில் ஒரு பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு போவது எனக்கே தெரிந்தது. எலும்பு மறைப்பு இல்லை. பல்லில் சொத்தை இல்லாததால் தலையை மட்டும் எடுக்கும் முறைக்குச் சரிப்படும் என்றார். நடுவில் வேர் ஆடிவிட்டால் முழுசாகத்தான் எடுக்க வேண்டிவரும், அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து என்றும் ஒளிக்காமல் சொன்னார். நாக்குப் பக்கத்து ஈறைத் தொட மாட்டாராம். ஆபத்து சுத்தமாக இல்லை என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை, அதுவே எனக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம். எனக்கு எம்சி (மருத்துவ விடுப்பு) கொடுக்க ஆளில்லை, நானே நாலு நாள் கடை லீவு என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுக்காரரை ருசி பார்க்கப் பழக்குகிறேன். இன்று மதியம் வேண்டுமென்றே உப்பு போடாத சாம்பாரை ஒரு கரண்டி கொடுத்தேன். கண்ணை மூடி, நாக்கைச் சுழற்றி, ரொம்ப நேரம் யோசித்தார்.

‘நல்லாருக்கு’ என்றார்.