புதுப்பிப்பு: வீடியோ கேமே ஆடியிராத அத்தைக்கு எந்தப் புதிர் விளையாட்டு?

கிருஷ்ணகிரியில் இருக்கும் என் அத்தைக்கு முதல் புதிர் விளையாட்டாக எதைக் கொடுக்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நடந்தது இதுதான்.

பலரும் சொன்ன 'போர்ட்டல்' (2007) முதலில். புதிர் அவருக்குப் புரியாமல் இல்லை. ஒரு கையால் விசைகளை அழுத்தி நடப்பதும் மறு கையால் மவுஸைத் திருப்பிப் பார்ப்பதும்தான் கைவரவில்லை. தலை சுற்றுகிறது, எடுத்துப் போ என்றுவிட்டார்.

சரியாக அமைந்தது 'மானுமெண்ட் வேலி' (2014). பரிந்துரைத்தவருக்குத் தனி நன்றி. விரலால் தொட்டால் போதும். நேரக் கெடு இல்லை, தோற்பதும் இல்லை. சிக்னல் எட்டாத மாந்தோப்பிலும் ஓடியது. ஓரிடத்தில் சக்கரத்தைத் திருப்பியதும், தனித்தனியாகத் தொங்கிய இரண்டு பாதைகள் ஒட்டிக்கொண்டது போலத் தெரிய, விளையாட்டில் நாம் நடத்திச் செல்லும் இளவரசி ஐடா அதன்மேல் நடந்தே போய்விட்டாள். அத்தை அதை நம்பாமல் சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இருந்தார்.

ஒன்றை யாரும் சொல்லவில்லை: 10 அத்தியாயங்களும் சட்டென்று தீர்ந்துவிடுகின்றன. கூடுதலான 8 அத்தியாயங்களுக்குத் தனிக் காசு.

அடுத்து 'பாபா இஸ் யூ' (2019). கடினம் என்று எச்சரித்தீர்கள், உண்மைதான். சுவர் தடுக்கும் என்ற விதியே, சொல் எழுதிய கட்டைகளாகத் திரையில் கிடக்கிறது. ஒரு கட்டையைத் தள்ளிவிட்டால் சுவருக்குள்ளேயே புகுந்து போகலாம். செய்ததை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னோக்கி மாற்றலாம் என்பதால் அத்தைக்குப் பயமில்லை. விடையைத் தேடிச் சொல்லட்டுமா என்றால் மட்டும் கோபம் வருகிறது.