'கொண்டுவந்திருக்க வேண்டும்': எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அனைவருக்கும் வணக்கம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பழைய வீடுகளைச் சுற்றிக்காட்டும் இளைஞர்கள் 6 பேருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். இறந்தகாலத் துணைவினைகளில் சிக்கி நிற்கிறோம்.

'டிட்' வந்தால் வினை மூல வடிவத்துக்குத் திரும்பிவிடும் என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். 'வுட்' எளிதாகவே வந்தது. 'ஆச்சி விடியற்காலையில் கோலம் போடுவார்' என்று பழைய வழக்கத்துக்கு நாமும் எதிர்கால வடிவத்தைத்தானே சொல்கிறோம்! 'பர்மாவில் கடை இருந்தது' போன்ற நிலைகளுக்கு 'வுட்' பொருந்தாது, 'யூஸ்டு டு' வேண்டும் என்பதில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம்.

பெரிய முடிச்சு வேறு. போன வாரம் ஒரு மாணவர் முகப்புத் தூணைத் தொட்டுக்காட்டி, 'தே ஷுட் ஹேவ் பிராட் திஸ் டீக் ஃப்ரம் பர்மா' என்றார். 'பிறகு ஏன் கொண்டுவரவில்லை?' என்று கேட்டார் வெளிநாட்டுப் பெண்மணி. மாணவர் வாயடைத்துப்போனார். எனக்கு மனம் கேட்கவில்லை. அவர் நினைத்தது தமிழில் சரிதான். 'கொண்டுவந்திருக்க வேண்டும்' என்பது நம் மொழியில் ஊகத்துக்கும் வரும், செய்யத் தவறியதற்கும் வரும். ஆங்கிலத்தில் ஊகத்துக்கு 'மஸ்ட் ஹேவ்', தவறியதற்கு 'ஷுட் ஹேவ்'. விதியைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள். தூணருகே போனதும் மறந்துவிடுகிறது.

இதை நாக்கில் பழக்கும் பயிற்சி யாரிடமாவது இருக்கிறதா? ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு என்று அவர்கள் அன்றாடம் காட்டும் பொருள்களை வைத்தே வாக்கியங்கள் அமைந்தால் பெரிய உதவியாக இருக்கும். மார்கழியில் விருந்தினர் கூட்டம் வருவதற்குள் தயாராக வேண்டும்.