மேட்டூர் பயமும் நம்ம தெற்கு மதகும்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

மேட்டூர் அணைக்கு வயசாயிடுச்சு, எப்ப வேணா உடையும்னு மஸ்கட் மாப்பிள்ளை அனுப்பின வீடியோவைப் பார்த்துட்டு அபுதாபி சித்தப்பா ரொம்பக் கலங்கிப் போயிருக்கார். மின்வாரியத்துல இருந்தவன்கிற உரிமையில நாலு வார்த்தை.

1925ல ஆரம்பிச்சு 1934ல முடிச்ச அணை. தொண்ணூறைத் தாண்டியாச்சு, வாஸ்தவம்தான். ஆனா அதோட முதுமையைச் சுவத்துல தேடறதைவிட அடியில தேடணும். 120 அடி நிரம்பினா 93.47 டி.எம்.சி.ன்னு இன்னிக்கும் பழைய கணக்கையே சொல்றோம். இத்தனை வருஷத்து வண்டல் எங்க போச்சு? 2017லதான் விவசாயிகளை அள்ளிக்க விட்டாங்க.

சித்தப்பாவோட இன்னொரு சந்தேகம், கரண்டுக்காகத் தண்ணியைப் பிடிச்சு வைக்கிறாங்களான்னு. இல்ல சித்தப்பா. அணை மின்நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையம் 200. நமக்குப் பாசனத்துக்குத் திறக்கற தண்ணிதான் அந்த டர்பைனைச் சுத்திட்டு வருது. விநாடிக்கு இருபதாயிரத்துச் சொச்சம் கன அடிக்கு மேல போனாத்தான் உபரித் தண்ணி போற பதினாறு கண் மதகைத் தூக்குவாங்க. கீழ செக்கானூர்லேர்ந்து ஊராட்சிக்கோட்டை வரைக்கும் நாலு கதவணையில அதே தண்ணி மறுபடி மறுபடி கரண்டு குடுத்துட்டுத்தான் கீழ இறங்குது.

2018 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கா? மேட்டூர் நிரம்பி வழிஞ்சுது, அணை அசையல. போனது திருச்சி பக்கத்து முக்கொம்புல, காட்டன் துரை 1836ல கட்டின கொள்ளிடம் மதகு. ராத்திரியோட ராத்திரியா ஒன்பது ஷட்டர் ஆத்தோட போச்சு.

என் கவலையெல்லாம் அந்த மாதிரி சாமான் மேலதான். நம்ம தெற்கு மதகைப் பொங்கலுக்குப் போனப்ப பார்த்தேன். திருகுக் கம்பியில மரையே தேஞ்சு போச்சு. கிரீஸ் பார்த்து எத்தனை காலமோ. மதகைத் திறந்து மூடற லஸ்கர் கடப்பாறையைக் கொடுத்து நெம்பறார், ஷட்டர் ஒரு பக்கம் ஏறுது, மறுபக்கம் நட்டுக்கிட்டு நிக்குது. அடிப்பலகை இத்துப்போன இடத்துல வைக்கோல் புரியையும் மண் மூட்டையையும் திணிச்சு வச்சிருக்காங்க. வெங்காயத்தாமரை வந்து மோதினா அதுவும் பிச்சுக்கும். அலுவலகத்துல மனுவுக்கு ரசீது மட்டும் குடுத்தாங்க.

ஜூன் 12ல மேட்டூர் திறந்தா கல்லணைக்கு மூணு நாலு நாள்ல தண்ணி வந்துடும். வெண்ணாறு மூணாப் பிரியற நீடாமங்கலம் மூணாறு தலைப்பு தாண்டி நம்ம கடைமடைக்கு வர்றதுக்குள்ள மேல உள்ளவங்க நாத்து விட்டு முடிச்சிருப்பாங்க. அதுலயும் முறை வச்சு விடற வருஷம் நமக்கு வர்றதே சில நாள். அந்த நாள்ல மதகு திறக்காம மக்கர் பண்ணினா குறுவையை மறந்துட வேண்டியதுதான். மேட்டூர்ல எத்தனை அடி இருந்து என்ன?

மதகு அரசாங்கச் சொத்து, நம்ம ஊர்ச் சங்கம் கை வைக்க முடியாது. ஆனா எல்லார் கையெழுத்தோட கலெக்டரோட விவசாயிகள் குறைதீர் நாள்ல மனு கொடுக்கலாம். ஊர்ல இருக்கற பெரியப்பா போறேன்னு சொல்லியிருக்கார். வயலுக்குப் பிரியற கன்னி வாய்க்கால் தூர்வாரறது மட்டும் நம்ம செலவு. ஜனவரி 28ல அணை மூடினதுலேர்ந்து வாய்க்கால் காஞ்சுதான் கிடக்குது, பொக்லைன் இறங்க இதுதான் சமயம். கோடை மழை பிடிச்சா வண்டி புதைஞ்சிடும்.

அந்தச் செலவுக்காக, கோயில் கல்யாண மண்டபத்துக்கு ஏசி போடலாம்னு சிங்கப்பூர் அண்ணன் சொன்னதை இந்த வருஷம் தள்ளி வைக்கலாமா? ஆட்சேபம் இருக்கறவங்க பங்குனி முடியறதுக்குள்ள எழுதுங்க. பணம் வழக்கம்போல பொருளாளர் கணக்குக்கு.