காந்தம் ஒட்டாவிட்டால் 304 எவர்சில்வர் ஆகிவிடுமா?

மஞ்சக்குப்பம் எழுத்துக்காரன்:
நேற்று இங்கே ஒரு பட்டறை முதலாளி எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. “கடை போர்டில் எவர்சில்வர் எழுத்து ஓராண்டில் துருப்பிடித்தால் அது வேலைக்காரனின் கைக்குறை. நான் காந்தம் வைத்துப் பார்த்து 304 தகடுதான் வாங்குகிறேன்” என்கிறார். காந்தமாம்! 304 உசத்தியான எவர்சில்வர் ரகம், 202 மலிவு ரகம். 202 தகட்டிலும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. 304-இல் நிக்கல் 8 சதவீதத்துக்குக் குறையாது. 202-இல் 4 முதல் 6 வரைதான். குறைந்த நிக்கலுக்கு மாங்கனீசைச் சேர்த்து ஈடுகட்டுகிறார்கள். அந்தக் குறை தேவனாம்பட்டினத்து உப்புக்காற்றில் பழுப்புக் கறையாக வெளியே வந்துவிடும். தகட்டு விலையில் மிச்சம் பிடித்தது முதலாளி. கூலியில் பிடித்தம் எழுத்து வெட்டியவனுக்கு. இது என்ன நியாயம்?

மேட்டுப்பாளையம் பட்டறை, புதுச்சேரி:
தம்பி, நீங்கள் எழுத்து வெட்டப் பழகும் முன்பே நான் பட்டறை வைத்தவன். காந்தம் ஒட்டினால் மட்டச் சரக்கு. என் தகட்டில் ஒட்டவில்லை. அவ்வளவுதான். துரு எங்கே வந்தது என்று பார்த்தீர்களா? முகப்பில் இல்லை, பற்றவைத்த மூலையில். ஈயம் பிடிக்கத் தடவிய அமிலத்தைக் கழுவாமல் விட்டது யார்? இரும்புச் சட்டத்தைத் தேய்த்த அதே கல்லால் எவர்சில்வரைத் தேய்த்தது யார்?

மஞ்சக்குப்பம் எழுத்துக்காரன்:
அமிலம் தங்கினால் 304-கூடத் துருப்பிடிக்கும், இரும்புத்தூள் பதிந்தாலும் பிடிக்கும். எனக்குத் தெரியாததா? தனிக் கல் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டவனுக்கு “இருப்பதை வைத்து முடி” என்று பதில் சொல்வது யார்? மாலையில் அளவைக் கொடுத்துவிட்டு, விடிந்தால் நகைக்கடைத் திறப்பு விழா என்று நிற்பது யார்? கழுவித் துடைத்துக் காயவைக்க எது நேரம்? அதை விடுங்கள். ஒட்டினால் மட்டம் என்கிறீர்கள். அதிலிருந்து, ஒட்டாவிட்டால் 304 என்பது எப்படி வந்தது? இன்னொன்றும் கேளுங்கள். நல்ல 304 தகட்டையே மடக்கிய மூலையில் காந்தம் லேசாக இழுக்கும். உங்கள் சோதனைப்படி நல்ல தகட்டை வீசிவிட்டு 202-ஐ வீட்டுக்குக் கொண்டுபோவீர்கள்.

நெல்லிக்குப்பம் ஒட்டுவேலை:
அண்ணா சொல்வது சரி. தகடு வாங்கிய பில்லையும் ஆலைச் சான்றிதழையும் முதலாளி இங்கே போடட்டும். நிக்கல் எவ்வளவு என்று அதில் இருக்கும். காந்தம் எதற்கு?

மேட்டுப்பாளையம் பட்டறை, புதுச்சேரி:
என் கணக்குவழக்கை உங்களுக்கு ஏன் காட்ட வேண்டும்? கடலூர்ப் பக்கத்து ஆட்களை எனக்குத் தெரியும். முன்பணம் வாங்கும் நாளில் ஏழு மணிக்கே வந்து நிற்பார்கள், மறுநாள் போனை எடுக்க மாட்டார்கள்.

முதுநகர் தூரிகை:
நீங்கள் எல்லோரும் சேர்ந்துதான் எங்கள் வயிற்றில் அடித்தீர்கள். சுண்ணத்தூள் தடவிய நூலைத் தட்டிக் கோடு போட்டு, எனாமல் பெயிண்டில் ஓர் ஆள் உயரத்துக்கு எழுத்து எழுதியவன் நான். பிளெக்ஸ் வந்ததும் இதே பட்டறைகள் என்னைச் சட்டத்துக்கு ஆணி அடிக்கக் கூப்பிட்டன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது பிளெக்ஸ் போர்டுகள் பறந்தன. சுவரில் நான் எழுதியது அப்படியே நின்றது.

மஞ்சக்குப்பம் எழுத்துக்காரன்:
சுவர் நின்றது, அதனால் எழுத்தும் நின்றது, ஐயா. உங்கள் கைவேலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிளெக்ஸ் கொண்டுவந்தவன் நான் இல்லை, என் மேல் ஏன் பாய்கிறீர்கள்? பேச்சு இப்போது 304 பற்றி.

முதுநகர் தூரிகை:
சுவர் நின்றதாலா? பெயிண்ட் உரியாமல் இருந்தது யார் கையால்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு 304-க்குப் போங்கள். தகடு வெட்டுகிறவர்களுக்கு எப்போதும் இந்தத் திமிர்.

நெல்லிக்குப்பம் ஒட்டுவேலை:
பில் கேட்டேன், இன்னும் வரவில்லை.

மஞ்சக்குப்பம் எழுத்துக்காரன்:
வராது தம்பி. முன்பணம் வாங்கி ஓடும் கதை சொன்னாரே, பாக்கிக் கூலிக்கு அலைந்த கதை என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கு முன் எழுத்தை மாட்டிவிட்டு வந்தேன், சித்திரை பிறந்தும் பணம் வரவில்லை. கேட்டால் “பார்ட்டி தரவில்லை” என்றார் அந்த முதலாளி. பார்ட்டி தராததற்கு நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? எழுத்துக்கு இன்ச் கணக்கில் கூலி பேசிவிட்டு, ‘ழ’வின் வளைவுக்கும் ‘ட’வின் நேர்க்கோட்டுக்கும் ஒரே விலை என்பார். ‘ழ’வுக்குப் பக்கப்பட்டி வளைத்துப் பார்த்தவனுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு கட்ட வேண்டும் என்று பதிவேட்டில் ஒன்பது பெயரோடு நிறுத்துகிற பட்டறைகளையும் பார்த்திருக்கிறேன். விரல் வெட்டுப்பட்டால் மருந்துச் செலவு நம் கையிலிருந்து.

மேட்டுப்பாளையம் பட்டறை, புதுச்சேரி:
யாரோ ஒருவர் பாக்கி வைத்தால் எல்லா முதலாளியும் திருடனா? எத்தனை குடும்பத்துக்கு நான் சோறு போடுகிறேன் தெரியுமா? பேச்சை மாற்ற வேண்டாம். என் தகட்டில் காந்தம் ஒட்டவில்லை.

மஞ்சக்குப்பம் எழுத்துக்காரன்:
சோறு நீங்கள் போடவில்லை, எங்கள் கை போடுகிறது. 202-லும் ஒட்டாது. எத்தனை முறை சொல்வது?

மேட்டுப்பாளையம் பட்டறை, புதுச்சேரி:
ஒட்டவில்லை என்றால் 304தான். நேரில் வாருங்கள், வைத்துக் காட்டுகிறேன்.

முதுநகர் தூரிகை:
சுவரைப் பற்றி நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.