கலைக்கூடத்துக்கு 50 ரூபாய் டிக்கெட்: வேண்டுமா, வேண்டாமா?

மஞ்சூர் டிராயிங் வாத்தியார்

நம் நீலகிரி மலையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக் கலைக்கூடத்தில் மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை ஏதாவது நடக்கிறது. கண்காட்சி, கலைஞரோடு பேச்சு, செய்முறை, எப்போதாவது ஒரு படம். பெயர் வேண்டாம், போய் வந்தவர்களுக்குத் தெரியும். இதுவரை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். போன வாரம் வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஜூன் முதல் ஆளுக்கு 50 ரூபாய் வாங்கலாமா, கருத்தை எழுதிப் பெட்டியில் போடுங்கள் என்று. நான் "வேண்டாம்" என்று எழுதிப் போட்டேன். துண்டுத் தாளில் காரணம் எழுத இடமில்லை, அதனால் இங்கே.

பிப்ரவரியில் ஒன்பது பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். எல்லாம் தேயிலை பறிக்கிற வீட்டுப் பிள்ளைகள். கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையிலிருந்து ஒரு குறும்பர் ஓவியர் வந்திருந்தார். தரையில் உட்கார்ந்து, தேன் எடுக்கப் பாறையில் ஏணி கட்டி இறங்குகிறவர்களை வரைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று கொட்டாங்குச்சி. ஒரு பையன் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "பெயின்ட் வாசமே இல்லையே" என்றான். வேங்கை மரத்தைக் கீறினால் வடிகிற பிசின் என்றார் அவர். பையனின் பாட்டி ஊர் கீழே முள்ளிப் பக்கம். அந்த மரத்தை அவன் பார்த்திருக்கிறான், வெட்டினால் ரத்தம் மாதிரி வடியும் என்பதும் தெரியும். அதைத் தொட்டு வரையலாம் என்பதுதான் தெரியாது. பஸ் ஏறும் வரை அதையே பேசிக்கொண்டு வந்தான்.

அன்றைக்கு டிக்கெட் இருந்திருந்தால் என்னையும் சேர்த்து 500 ரூபாய். நிச்சயம் கூட்டிப் போயிருக்க மாட்டேன்.

என் மகள் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறாள். அங்கே பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683ல் திறந்தது. இன்றைக்கு உள்ளே போகக் காசு கிடையாது. நானே போய்ப் பார்த்தேன். மழைக்கு ஒதுங்கியவர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தவர், எல்லாரும் உள்ளே.

தேயிலைத்தூள்

வாத்தியார் சார், வணக்கம். பிள்ளைகளைக் கூட்டிப் போனீர்கள் பாருங்கள், அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் மழைக்கு ஒதுங்கியவர் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இங்கேயும் அதேதான். போன ஏப்ரலில் நான் போனபோது பாதிப் பேர் இ-பாஸ் எடுத்து மேலே வந்த டூரிஸ்ட். வெளியே மழை, உள்ளே டீயும் வர்க்கியும் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பேச வந்தவர் மைக்கைப் பிடித்த பத்தாவது நிமிஷம் டீ வந்தது, இருபதாவது நிமிஷம் ஹால் காலி. அவர் கடைசி வரிசையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த வரிசையில் நானும் செக்யூரிட்டியும்.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஊர் இது. 50 ரூபாய் என்பது ஊட்டி சேரிங்கிராஸில் இரண்டு பேர் டீ பஜ்ஜி சாப்பிடுகிற காசு. மே மாத மலர்க் கண்காட்சிக்கு டிக்கெட் வாங்காமலா உள்ளே போகிறோம்? அங்கே கூட்டம் குறைந்ததா?

ஊசிநூல்

நீங்கள் இரண்டு பேரும் பார்க்கப் போகிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் மார்க்கெட்டில் உல்லன் நூல் கடை வைத்திருக்கிறேன். மந்து என்கிற தோடர் குடியிருப்புகளிலிருந்து வருகிற அக்காக்கள் சிவப்பு நூலும் கறுப்பு நூலும் என்னிடம் வாங்குவார்கள். மார்ச் நிகழ்ச்சிக்கு அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள், துணைக்கு நானும் போனேன்.

காலை 10 மணிக்கு மேஜை போட்டு உட்காரவைத்தார்கள். தோடர் பூவேலைக்குத் துணியில் கோடு போட மாட்டார்கள், துணியை இழுத்துப் பிடிக்கச் சட்டமும் கிடையாது. வெள்ளைத் துணியின் இழையை விரலால் எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். ஒருவர் போனை நீட்டி, "அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்றார். அக்கா நிமிர்ந்தார். எண்ணிக்கை போனது. பதினொரு தையல் பிரித்தார். இப்படி நாலைந்து முறை. சாயந்திரம் 4 மணிக்குப் பார்த்தால் மொத்தமே அரை விரல் நீளம்தான் ஆகியிருந்தது.

கடைசியில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் போர்த்தியிருந்தது தன் கையால் தைத்த பூத்துக்குளி, தோடர்கள் போர்த்துகிற பூவேலைப் போர்வை. அதன் மேல் ஜரிகை மினுக்குகிற பாலியஸ்டர் சால்வை. கூடவே ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். ஆட்டோவுக்குப் போக வர அவரே கொடுத்தார்.

பார்க்கிறவர்களுக்கு இலவசம், சரி. அக்காவும் இலவசமா?

அந்த 50 ரூபாய் அவருக்குப் போகும் என்றால் நான் டிக்கெட் பக்கம். ஆனால் தாளை நானும் படித்தேன், "பராமரிப்புச் செலவுக்காக" என்றுதான் போட்டிருக்கிறது.

மஞ்சூர் டிராயிங் வாத்தியார்

ஊசிநூல் அம்மா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். குறும்பர் ஓவியருக்கு என்ன கொடுத்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. சனிக்கிழமை கூலியை விட்டுவிட்டுத்தான் அவரும் வந்திருப்பார்.

ஆனாலும் அந்தப் பணம் என் பையனின் சட்டைப் பையிலிருந்துதான் வர வேண்டுமா? அழைக்கிறவர்கள் கொடுக்க வேண்டியது அது. நிகழ்ச்சிக்குப் பேனர் அடிக்கிறார்கள், வெளியூர்ப் பேச்சாளருக்கு அறை போடுகிறார்கள். அதற்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே இதுவும் வரட்டும்.

தேயிலைத்தூள் தம்பி, டிக்கெட் போட்டால் ரசிகர்கள் மட்டும் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள். 1710ல் உஃபன்பாக் என்ற ஜெர்மன் அறிஞர் இதே ஆஷ்மோலியனுக்குப் போனார். அன்று சந்தை நாள். கிராமத்து ஆணும் பெண்ணும் உள்ளே நிறைந்திருந்தார்கள். ஆறு பென்ஸ் கொடுத்தால் பெண்களைக்கூட விட்டுவிடுகிறார்கள், அங்கும் இங்கும் ஓடி எல்லாவற்றையும் கைவைத்துப் பார்க்கிறார்கள் என்று எரிச்சலோடு எழுதிவைத்தார். கவனியுங்கள், அந்தக் காலத்தில் அங்கே கட்டணம் இருந்தது. காசு கொடுத்து வந்தவர்களைப் பார்த்துத்தான் அவருக்கு அவ்வளவு எரிச்சல். எனக்கென்னவோ அந்தச் சந்தைக் கூட்டத்தைத்தான் பிடிக்கிறது.

லவ்டேல் பொடியன்

இலவசம் இலவசம் என்கிறீர்கள், நான் இரண்டு முறை போய் ஒரு முறைதான் உள்ளே நுழைந்தேன். கேட்டில் நோட்டு வைத்திருக்கிறார்கள். பெயர், போன் நம்பர், யாரைப் பார்க்க வந்தீர்கள். "படம் பார்க்க வந்தேன்" என்றால், "யாரைப் பார்க்கன்னு எழுதுப்பா" என்கிறார். எனக்கு உள்ளே யாரையும் தெரியாது. இன்னொரு முறை போனபோது ஒரு பேராசிரியர் பெயரைச் சொன்னேன், விட்டார். அவரை இன்று வரை நேரில் பார்த்ததில்லை.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் 1759ல் திறந்தபோதும் இப்படித்தானாம். காசு கிடையாது, ஆனால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதிச் சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும். நம் கேட் நோட்டு அதன் பேரன்.

தேயிலைத்தூள்

தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு. ஆனால் டிக்கெட் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே! காசைக் கொடு, சீட்டை வாங்கு, உள்ளே போ. யாரைப் பார்க்க வந்தாய் என்று சினிமா தியேட்டரில் யாரும் கேட்பதில்லை.

வாத்தியார் சார், இங்கிலாந்துக் கதை இங்கே எடுபடாது. அங்கே தேசிய அருங்காட்சியகங்களை 2001 டிசம்பரில் இலவசமாக்கினார்கள் என்றால், அந்தப் பணத்தை அரசாங்கம் கொடுத்தது. ஆஷ்மோலியனிலேயே சிறப்புக் கண்காட்சிக்குத் தனி டிக்கெட் உண்டு, உங்கள் மகளைக் கேளுங்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு எவ்வளவு பணக்காரப் பல்கலைக்கழகம்? அவர்களே தங்கள் கலை அருங்காட்சியகத்துக்குப் பெரியவர்களிடம் 20 டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் இலவசம் என்று ஆனது 2023 ஜூனில்தான். அவர்களுக்கே அவ்வளவு காலம் ஆனது.

இன்னொன்று. எல்லாரையும் விடுங்கள் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. 2007ல் பரோடா பல்கலைக்கழக நுண்கலைத் துறையில் மாணவர் ஒருவர் தேர்வுக்காக வைத்த படங்களைப் பார்த்து வெளியாட்கள் புகுந்து ரகளை செய்தார்கள். கைதானது மாணவர். அவர் பக்கம் நின்ற டீனை இடைநீக்கம் செய்தார்கள். இங்கே வாசலில் கேட்டே இல்லாமல் திறந்து வைத்தால் என்னவெல்லாம் வரும் என்று யோசியுங்கள்.

மஞ்சூர் டிராயிங் வாத்தியார்

ரகளை செய்ய வருகிறவனுக்கு 50 ரூபாய் ஒரு தடையா தம்பி? அவன் டிக்கெட் வாங்கி, பில்லையும் பத்திரமாக வைத்துக்கொள்வான்.

சிறப்புக் கண்காட்சி டிக்கெட் உண்மைதான். என் மகள் வாங்கப் போனாள், நான்தான் வேண்டாம் என்றேன்.

போல்பூர் போய் வந்தவள்

நான் குன்னூர். படித்தது மேற்கு வங்காளத்தில், போல்பூர் பக்கம் சாந்திநிகேதனில். அங்கே நுண்கலைப் பிரிவான கலாபவனில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1, 2 தேதிகளில் நந்தன் மேளா நடக்கும். அங்கே ஆசிரியராக இருந்த ஓவியர் நந்தலால் போஸ் பிறந்தநாள் டிசம்பர் 3, அதற்கு முன்னால் வருகிற இரண்டு நாள். 1973ல் தொடங்கியது. ஊரே வரும். மாணவரும் ஆசிரியரும் கடை போட்டு, தாங்கள் செய்த அச்சுப் படம், சுடுமண் பொம்மை, டைரி, காலண்டர் எல்லாவற்றையும் குறைந்த விலைக்கு விற்போம். வருகிற பணம் மாணவர் நல நிதிக்கு. யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் அதிலிருந்து எடுப்பார்கள்.

என்னுடைய முதல் அச்சுப் படத்தை ஒரு ரிக்‌ஷாக்காரர் வாங்கினார். மேளாவுக்குச் சவாரி கொண்டுவந்தவர், திரும்பிப் போகிற ஆளுக்காகக் காத்திருந்த நேரத்தில் உள்ளே வந்திருக்கிறார். வாசலில் காசு கேட்டிருந்தால் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். அந்தப் படத்தைச் சுருட்டி ஹேண்டில்பாரில் கயிறு போட்டுக் கட்டினார். நான் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கேயும் அப்படிச் செய்யலாமே? பார்க்கக் காசு வேண்டாம். பிடித்தால் வாங்கட்டும். பணம் நேராகத் தைத்தவர் கைக்கு, வரைந்தவர் கைக்கு.

ஊசிநூல்

யோசனை நல்லது கண்ணு, ஆனால் விற்பனை என்றாலே எனக்குப் பயம். தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு 2013லேயே கிடைத்துவிட்டது. அப்புறமும் மெஷினில் அடித்த சால்வையைத் "தோடா ஷால்" என்று சொல்லி விற்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அக்காவிடம் பாதி விலைக்குக் கேட்கிறார்கள். அன்றைக்கு மேஜையிலேயே ஒரு அம்மா கேட்டார். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்பக்கம் ஃபினிஷிங் சரியில்லையே, கொஞ்சம் குறைக்கக் கூடாதா" என்றார்.

அவர் பின்பக்கம் என்று சொன்னதுதான் தோடர்களுக்கு முன்பக்கம். நூல் சற்றுத் தடித்து மேடாக நிற்கிற அந்தப் பக்கத்தைத்தான் வெளியே தெரிகிற மாதிரி போர்த்துவார்கள். இதை எடுத்துச் சொல்ல அங்கே கலைக்கூடத்து ஆள் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை. அக்கா சிரித்துவிட்டுத் துணியை மடித்து வைத்தார். விற்கச் சொல்லுங்கள், ஆனால் விலையை எழுதி ஒட்டி, பேரம் பேசுகிறவர்களிடம் பதில் சொல்ல ஒரு ஆளையும் நிறுத்துங்கள்.

தேயிலைத்தூள்

இதை ஒப்புக்கொள்கிறேன். பச்சைத் தேயிலைக்கு ஃபேக்டரிக்காரர் சொல்வதுதான் விலை என்று நாங்கள் நின்று நின்று பழகியவர்கள், பாதி விலைக்குக் கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் டிக்கெட் விஷயத்தில் நான் மாறவில்லை. 50 வேண்டாம் என்றால் 20 வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம். டூரிஸ்டிடம் 100 வாங்கினாலும் தப்பில்லை.

லவ்டேல் பொடியன்

அண்ணா, டூரிஸ்ட் யார், லோக்கல் யார் என்று பார்க்க மறுபடியும் நோட்டுதானே?

ஊசிநூல்

இன்று அக்கா நூல் வாங்க வந்தார். கேட்டுவிட்டேன். ஜூனுக்கும் கூப்பிட்டிருக்கிறார்களாம். டிக்கெட் பற்றிச் சொன்னேன். "அது அவங்க பாடு" என்றார். ஒரு நாள் கூலியும் வண்டியும் கொடுத்தால் வருவாராம். போட்டோ எடுக்கிறவர்கள் அவர் ஊசியைக் கீழே வைத்த பிறகு வரட்டும் என்றார். சால்வை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, அது நான் சேர்த்தது.

மஞ்சூர் டிராயிங் வாத்தியார்

வியாழக்கிழமை ஊட்டிக்கு வருகிறேன். இரண்டாவது தாள் போடப் போகிறேன். "டிக்கெட் வேண்டாம். வருகிற கலைஞருக்கு நாள் கூலியும் வண்டிக் கூலியும் கொடுங்கள். ஊசி கையில் இருக்கும்போது போட்டோ கூடாது." குறும்பர் ஓவியரையும் கேட்காமல் எழுதுகிறோமே என்று இருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் யாராவது இருந்தால் விசாரித்துச் சொல்லுங்கள்.

தேயிலைத்தூள்

நான் "வேண்டும்" என்று போட்டிருக்கிறேன் சார். உங்கள் இரண்டாவது வரியையும் மூன்றாவது வரியையும் மட்டும் என் பெயரிலும் எழுதிப் போட்டுவிடுங்கள்.

லவ்டேல் பொடியன்

பெட்டியை வெள்ளிக்கிழமை எடுத்துவிடுவார்களாம். செக்யூரிட்டி அண்ணா சொன்னார். அதைக் கேட்கவும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. யாரைப் பார்க்க என்ற இடத்தில் "பெட்டி" என்று எழுதினேன், விட்டுவிட்டார்.